மாமாவின் தொடையில் பாய்ந்த குண்டு

மாமா,

இன்று பள்ளியில் கபடி ஆடிய பெண் ஒருத்திக்கு முட்டி உரிந்துவிட்டது. பி.டி. டீச்சர் பழுப்பு மருந்தைப் பஞ்சில் ஊற்றினார். அந்த வாசனை வந்ததும், யாரும் கூப்பிடாமலே நான் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். இரண்டு மாதம் உங்கள் தொடைக்குக் கட்டுப் போட்டவள் இல்லையா.

நேரில் உங்களை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால் "நீங்கள்" வருகிறது. படித்தால், "இன்னாடி, என்ன கலெக்டர் ஆக்கிட்ட?" என்பீர்கள்.

நீங்கள் பட்டாளத்திலிருந்து நொண்டிக்கொண்டு திரும்பியபோது நான் நான்காம் வகுப்பு. அம்மாவின் தம்பிக்குத் தொடையில் குண்டு பாய்ந்த கதை காசிமேடு முழுக்கத் தெரியும். அதை உங்களைவிட நன்றாகச் சொன்னவர் உங்கள் தோஸ்து, போட் ஓட்டும் தாஸ் அண்ணன். டீக்கடையில் அவர் சொல்லச் சொல்ல ஒரு குண்டு மூன்றானது, எதிரி ஒருவன் ஒன்பது பேரானான். நீங்கள் டீயை ஊதிக்கொண்டே இருப்பீர்கள். அதை அடக்கம் என்று நான் நோட்டில் எழுதி வைத்தேன்.

ஐந்து வருடம் மூடியிருந்த காயம் திடீரென்று சீழ் பிடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா "எப்படி அடிபட்டது?" என்று கேட்டபோதும் தாஸ் அண்ணன்தான் முந்திக்கொண்டார். "குண்டு மேடம். துப்பாக்கிக் குண்டு." எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே துளி இரும்பு இல்லை. மாத்திரையில் சீழ் நிற்கும், பிறகு மறுபடி வரும். மூன்றாம் முறை போனபோது டாக்டரம்மா, இது எலும்புக்கு இறங்கினால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா வீடு வரும் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

அந்தச் சமயத்தில் அக்கா மெடிக்கல் கோடிங் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. அவளுடைய கனமான புத்தகத்தை நான் கதைப் புத்தகம் போலப் படித்தேன். காயத்துக்கு ஓர் எண், அது எப்படி வந்தது என்பதற்கு இன்னோர் எண். வாத்து கடித்தால்கூடத் தனி எண். போரில் அடிபட்டால், குண்டாலா, வெறுங்கையாலா, மொட்டையான பொருளாலோ குத்தும் பொருளாலோ என்று பிரித்துப் பிரித்துக் கேட்டிருந்தார்கள். உங்களுக்குச் சரியான எண்ணைக் கண்டுபிடித்துப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பது என்று முடிவு செய்து, நோட்டோடு உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தேன்.

"வாத்துக்குக்கூட எடம் கீதா?" என்று கேட்டீர்கள்.

"கீது மாமா. நீ சொல்லு. குண்டு உள்ளயே நின்னுச்சா, வெளிய வந்துச்சா?"

"வந்துச்சு."

"வந்த எடத்தக் காட்டு."

கொஞ்ச நேரம் தடவித் தேடி, முட்டிக்குப் பின்னால் ஓர் இடத்தைக் காட்டினீர்கள். அது கொசுக்கடி. முந்தின நாள் நான்தான் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தேன்.

நான் எதுவும் எழுதாமல் உங்களையே பார்த்தேன். நீங்கள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தீர்கள்.

"குண்டு இல்லடி. கட்டை. ஆணி அடிச்ச கட்டை. எல்லையில சுடக் கூடாதுன்னு ஆர்டரு. ரெண்டு பக்கமும் கைல கெடச்சத வச்சி அடிச்சிகினோம். என்ன அடிச்சவனுக்கும் என் வயசுதான் இருக்கும். குளிர்ல பல்லு தந்தியடிச்சிகினே அடிச்சான்."

"அத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"கட்டைன்னா? அதுக்கு இன்னாத்துக்குடா மூணு நாளு ரயில்ல போன, காசிமேட்டுலயே வாங்கியிருக்கலாமேன்னு தாஸு ஓட்டுவான்."

எண் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அக்காவிடம் ஓடினேன். அவள் பாராட்டவில்லை. முகம் மாறிவிட்டது. "கட்டைச் சிம்பு உள்ள இருந்தா எக்ஸ்ரேல தெரியாம போயிடும்டி. அவங்க இரும்பத் தேடிகினு இருக்காங்க. மாமாவ மொதல்ல போயி உண்மையச் சொல்லச் சொல்லு."

தாஸ் அண்ணன் கூட இருக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தீர்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து நின்றவரே அவர்தான். டாக்டர் அறை வாசலில், "நீ போயி டீ சாப்டு" என்றீர்கள்.

"இன்னா மாமு, நான் இல்லாம நீ இன்னாத்த சொல்லிடுவ?" என்று உங்களுக்கு முன்னால் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் நின்றுகொண்டே தொண்டையைச் செருமினீர்கள். டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. தாஸ் அண்ணனைத்தான் பார்த்தீர்கள்.

"டேய், குண்டு இல்லடா. கட்டை."

"இன்னாது?"

"கட்டைடா. ஆணி அடிச்ச கட்டை. அடிச்சானுங்க, வாங்கினேன். இப்ப நீ சிரிக்கிறதுன்னா சிரிச்சிக்க."

தாஸ் அண்ணன் சிரிக்கவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்!" உடனே ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனுக்கு அனுப்பினார். பாதித் தீக்குச்சி நீளத்தில் ஒரு சிம்பு, ஐந்து வருடமாகச் சதைக்குள் குடியிருந்தது. மறுநாளே எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது.

அதன் பிறகு தினமும் கட்டு மாற்றியது நான். அந்தக் கட்டையடியையே வாங்கிக்கொண்ட நீங்கள், நான் பிளாஸ்திரியைத் தொடை முடியோடு உரித்ததும் போட்ட கூச்சலில் மாடி வீட்டு ஆயா ஆள் கூட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

தாஸ் அண்ணன் நான்கு நாள் உங்களோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் டீக்கடையில் அவர் குரல் தெருமுனை வரை கேட்டது. "குண்டுன்னா எவனோ தூரமா நின்னு சுட்டுட்டுப் போயிடுவான். எங்காளு மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு வாங்கினவன்!" அந்த வாரம் முடிவதற்குள் கட்டை பனைமரமாகிவிட்டது. நீங்கள் டீயை ஊதவில்லை, விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

ஒரு வருடம் நொண்டாமல் நடந்தீர்கள். நாங்கள் காலுக்காகப் பயந்துகொண்டிருந்தோம். நீங்கள் போனது நெஞ்சுவலியில். அன்று தாஸ் அண்ணன் ஒரு கதையும் சொல்லவில்லை.

நான் எழுதி வைத்த எண் எனக்கே மறந்துவிட்டது. டாக்டரைப் பார்க்காமல் தாஸ் அண்ணனைப் பார்த்தீர்களே, அதுதான் மறக்கவில்லை. போன வாரம் வகுப்பு டீச்சர் என்னை வாசிப்புப் போட்டிக்கு அனுப்பப் பெயர் எழுதினார். "இவளா?" என்று வகுப்பு சிரித்தது. "நம்ம லைப்ரரில இருக்கற எல்லாத்தையும் இவ படிச்சிட்டா டீச்சர்!" என்று என் தோழி எனக்காக வகுப்பையே எதிர்த்துக் கத்தினாள். அப்படி அவளிடம் பீற்றிக்கொண்டவள் நான்தான். எழுந்து நின்றேன். டீச்சரைப் பார்க்கவில்லை.

"பாதிதான்டி படிச்சேன்" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன்.

பேசமாட்டேன் என்கிறாள் மாமா. இன்றோடு நான்கு நாள்.