அரை இடம் தள்ளித் தொடங்கும் பாட்டு

என் செல்லத் தம்பி கதிர்,

முதலில் உன் வயிறு குளிரும்படி ஒரு செய்தி. ஈப்போவில், மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், உன் பாட்டை வாசிக்கப் போன ரவின் தாளத்தைத் தவறவிட்டு நின்றான். தவறவிட வைத்தது நான்தான்.

உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதென்றால் உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இதை ஊரறிய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் நாம் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது பால்மரம் ஒன்றுகூட இல்லை, மாரியம்மன் கோவில் மட்டும் இருக்கிறது. திருவிழாவில் மற்ற பையன்கள் எல்லாம் உருமி மேளத்துக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போவார்கள். நீ நாதஸ்வரக்காரர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடப்பாய். சாமி புறப்படும்போது அவர் வாசிக்கிற மல்லாரியை அப்படியே காதில் பிடித்து வந்து, கிட்டாருக்குத் தடித்த தந்தி போட்டு, சுருதியை அடியில் இறக்கி, ஆம்ப்ளிஃபயர் உறுமுகிற உறுமலில் கம்பீரநாட்டை ராகத்தை வாசிப்பாய். அம்மா அடுப்படியிலிருந்து கேட்பார், "சாமிய எதுக்குடா இப்படி கத்த விடுற?"

அப்புறம் நீயாகவே ஒரு மல்லாரி கட்டினாய். அதே பாட்டு முதலில் மெதுவாக, பிறகு இரட்டை வேகத்தில், பிறகு அதற்கும் இரட்டை வேகத்தில். மெட்டல் கேட்கிறவர்களுக்கு அது மெட்டல், கோவிலில் தவில் வாசிக்கிற செல்வம் அண்ணனுக்கு அது மல்லாரி. "என்னலா இரைச்சல் இதுன்னு திட்டத்தான் வந்தேன். கை தானா தாளம் போடுது" என்று நம் வீட்டு வாசலில் நின்று அவர் சொன்ன அன்று நீ ராத்திரி சோறு தின்னவில்லை. அவ்வளவு சந்தோஷம் உனக்கு.

அந்தப் பாட்டில் ஒரு சூட்சுமம் வைத்தாய். தாளம் விழுகிற இடத்தில் கிட்டார் வாசிக்காது. உன் கால் மட்டும் தரையில் தட்டும். அதற்கு அரை இடம், அதாவது அரைத் தட்டு நேரம், தள்ளித்தான் பாட்டு தொடங்கும். கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை, ஆனால் கிட்டாரை மட்டும் கேட்டுப் படிக்கிறவன், பாட்டு தொடங்குகிற இடமே தாளம் விழுகிற இடம் என்று நினைத்துக்கொள்வான். கோவில் வகுப்பில் மிருதங்கம் கற்றுக்கொண்டு பிறகு டிரம்ஸுக்குப் போன நான் இருந்தேன், என் எதிரில் நீ இருந்தாய். நாம் இரண்டு பேர்தான் அதைப் பழகினோம். நம் இசைக்குழுவில் பாடிக்கொண்டு, கொஞ்சம் கிட்டாரும் வாசித்துக்கொண்டிருந்த உன் உயிர் நண்பன் ரவினுக்கு அந்தப் பழக்கத்துக்கெல்லாம் நேரம் இல்லை. அவனுக்கு நீ கிட்டாரை மட்டும் போனில் பதிவு செய்து அனுப்பினாய். காலைத் தட்டினது அதில் கேட்கவா போகிறது?

அப்புறம் உனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் பாடையைத் தூக்கினவர்களில் ரவின் முன்னால் நின்றான். எங்களைவிட அதிகமாக அழுதான். "அக்கா, இனிமே நான்தான் உங்க தம்பி" என்றான். நானும் நம்பினேன்.

உன் வருஷத் திதிகூட வரவில்லை, பாட்டு வெளியே வந்துவிட்டது. இசை, ரவின். கிட்டார், ரவின். நான் வேலை செய்கிற கையுறைத் தொழிற்சாலைக் கேண்டீனில் உட்கார்ந்து கேட்டேன். முதல் சுரத்திலேயே சிம்பல் விழுந்தது. அரை இடம் முன்னால் விழ வேண்டியதைப் பாட்டின் தலையிலேயே போட்டிருந்தான். பாட்டு முடிகிற இடத்தில் அவன் கணக்கு இடித்திருக்கிறது. அரை இடம் குறைகிறது, ஏன் குறைகிறது என்று தெரியவில்லை. கடைசிச் சுரத்தை இழுத்து ஒட்டுப் போட்டுவிட்டான். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது.

அதையாவது விட்டிருப்பேனோ என்னவோ. ஒரு பேட்டியில் உன்னைப் பற்றிக் கேட்டார்கள். "கதிர் நல்ல பையன். ஆனா எஸ்டேட் பையன்லா, அவனுக்கு சத்தம் மட்டும்தான் தெரியும். கிளாசிக்கல் எல்லாம் நான் கொண்டு வந்தது" என்றான். அன்றைக்கே முடிவு செய்தேன், இவனை உன் பாட்டாலேயே அடிக்க வேண்டும் என்று.

அவனே வழியும் செய்து கொடுத்தான். உன் நினைவாக ஈப்போவில் நிகழ்ச்சி வைக்கிறானாம், அக்கா வந்து டிரம்ஸ் வாசித்தால் நன்றாக இருக்குமாம். போஸ்டரில் உன் முகம் சின்னதாக, அவன் முகம் பெரியதாக. "வாரேன்" என்றேன். ஒத்திகையில் அவன் போட்ட தப்புத் தாளத்துக்கே வாயை மூடிக்கொண்டு வாசித்தேன். "அக்கா சூப்பர்லா" என்று தட்டிக் கொடுத்தான். அந்தக் கை பட்ட தோளை வீட்டுக்கு வந்து கழுவினேன்.

நிகழ்ச்சிக்கு அம்மாவையும் செல்வம் அண்ணனையும் கூட்டிப் போய் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். முதல் சுற்று கிட்டார் தனியாக, இரண்டாம் சுற்றில் டிரம்ஸ் சேர வேண்டும். ஒத்திகையில் அவனுடைய முதல் சுரத்தோடு சேர்ந்தேன் அல்லவா? மேடையில் அதற்கு அரை இடம் முன்னால், உன் கால் தட்டுகிற இடத்தில் சிம்பலை அடித்தேன்.

திரும்பிப் பார்த்தான். நான் தவறிவிட்டேன் என்று நினைத்து, அக்கறையாகத் தலையாட்டி இடம் காட்டினான். நான் நகரவில்லை. அவன் என் பக்கம் வர முயன்றான், பாட்டு கையை விட்டுப் போனது. திரும்ப அவன் இடத்துக்கே ஓடினான், அங்கேயும் நிற்க முடியவில்லை. பாஸ் கிட்டார் வாசித்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். இரட்டை வேகத்தில் போகிற இரண்டாம் காலம் வந்தபோது ரவின் தந்தியை விட்டுக் கையை எடுத்து, மைக்கைப் பிடித்துச் சிரித்தான். "அக்காவுக்கு தம்பி ஞாபகம் வந்துருச்சு. கொஞ்சம் எமோஷனல் ஆயிட்டாங்க."

செல்வம் அண்ணன் எழுந்து நின்றார். கை தாளத்தை விடவில்லை. "அவங்க சரியாத்தான் வாசிக்கிறாங்க தம்பி. உனக்குத்தான் எங்க எடுக்கணும்னு தெரியல" என்றார். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

நான் நிறுத்தவே இல்லை. மூன்றாம் காலத்தை, உன் பாட்டை வாயால் முனகிக்கொண்டே, தனியாக வாசித்து முடித்தேன். ஒட்டும் இல்லை, இழுப்பும் இல்லை, நீ வைத்த இடத்திலேயே வந்து விழுந்தது. அவ்வளவு நேரமும் ரவின் கிட்டாரைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அவன் முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன்டா.

காரில் வரும்போது அம்மா, "போதும்டி, விட்டுரு. அவனும் நம்ம வீட்டுல சோறு தின்ன புள்ளதான்" என்றார். அதனால்தான் எரிகிறது என்றேன். நீ இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்? அம்மா பக்கம்தான் என்று சந்தேகமாக இருக்கிறது. எனக்கு மட்டும் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டான். உன் படத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான். "அக்கா, கதிர் பேர போட்டுர்றேன். எந்த எடத்துல எடுக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க. அடுத்த மாசம் கோலாலம்பூர்ல ஷோ இருக்கு. வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

"பேர் போடுறது நீ எனக்குக் குடுக்கிற லஞ்சமா? எந்திரிச்சுப் போடா" என்றேன். போய்விட்டான்.

இப்போது புரிகிறதா, இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்று? அவன் காதோடு காதாகக் கேட்டதை நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இனிமேல் அவன் எங்கே வாசித்தாலும், கேட்கிறவர்கள் அரை இடத்துக்குக் காது கொடுப்பார்கள். சரியாகத் தொடங்கினால் யார் பாட்டைத் தொடங்குகிறான் என்று தெரியும். தப்பாகத் தொடங்கினால் அது அவன் பாட்டில்லை என்று தெரியும்.

கோலாலம்பூருக்கு லீவு போட்டுவிட்டேன், தம்பி. முதல் வரிசையில் உட்காருவேன். வாயைத் திறக்க மாட்டேன், தொடையில் கையை வைத்துத் தாளம் மட்டும் போடுவேன். அதற்கடுத்த ஊருக்கும் போவேன், அதற்கடுத்த ஊருக்கும் போவேன். இது உன் பாட்டு என்று அவன் தன் வாயால் மேடையில் சொல்கிற வரைக்கும் என் கை நிற்காது. இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
மாலதி அக்கா