கோட்டையா, தீவா?

மார்ச் 3, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் என் கம்ப்யூட்டரில் இரண்டு விளையாட்டுகளை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். இனி ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் சேர்ந்து ஆடுவதாம். ஒன்றில் கோட்டை கட்டி, எதிராளியின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். மற்றதில் ஆளுக்கொரு தீவு. கப்பலில் சரக்கு அனுப்பி, முதலில் துறைமுகத்தைக் கட்டி முடிப்பவருக்கு வெற்றி. "எது வேணும்னு நீயே ஆடிப் பாத்துச் சொல்லும்மா. அப்புறம் அதையே ஆடுவோம்" என்றாள்.

இருபத்தாறு வருஷமாகப் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவள் நான். எனக்கா வராது?

மார்ச் 10

கோட்டை. பத்தே நிமிடத்தில் மண்ணைக் கவ்வினேன்.

படையை அனுப்பு என்றால், பத்துப் பத்துப் பேராக, ஒரு நிமிட இடைவெளி விட்டு அனுப்பியிருக்கிறேன்! எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் ரோடு அடைத்துக்கொள்ளும் என்று கை தானாகச் செய்துவிட்டது. வந்த பத்துப் பேரை வாசலிலேயே தீர்த்துக்கட்டிவிட்டு, அடுத்த பத்துப் பேருக்காக அவள் நிதானமாகக் காத்திருந்தாள்.

"அம்மா, இது சண்டைம்மா, பஸ் இல்ல!"

சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது.

மார்ச் 17

தீவு. ஜெயித்துவிட்டேன்! என் கப்பல் ஒன்றுகூடக் காலியாகத் திரும்பவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?" என்றாள். தேவைதான்.

மார்ச் 18, திங்கள்

வேலை முடிந்து வந்து நேற்றைய ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தேன், என் பெருமையை இன்னொரு தரம் பார்க்கலாமே என்று. அட்டவணைக்காரியின் கண் சும்மா இருக்குமா? கடைசி இருபது நிமிடம் மகளின் ஐந்து கப்பல்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு அப்படியே நிற்கின்றன.

விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

உடனே கூப்பிட்டேன். "நீ அவ்வளவு ஆசையா ஆடுனியேம்மா, அதான்—"

"நான் என்ன பச்சப்புள்ளையாடி?" வைத்துவிட்டேன்.

அழுகையாக வந்தது. அவளுக்குச் சரிக்குச் சரியாக ஆட வேண்டும் என்றுதானே உட்கார்ந்தேன்? பாவம் அம்மா, பொழுது போகட்டும் என்று கூட உட்கார ஒரு ஆள், அதுவா நான் கேட்டேன்?

மார்ச் 24

கோட்டைதான் என்று சொல்லிவிட்டேன்.

"அதுல நீ தோத்துக்கிட்டே இருப்பியேம்மா?"

"தோத்துட்டுப் போறேன். ஆனா நீ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தன்னு தெரிஞ்சுது, அன்னியோட ஆட்டம் முடிஞ்சுது."

இன்றும் தோல்வி. பதினெட்டு நிமிடம் தாக்குப்பிடித்தேன். பதிவையும் பார்த்தேன். அவள் ஆள் ஒருத்தன்கூடச் சும்மா நிற்கவில்லை. நிம்மதி.

மார்ச் 28

தினமும் பயிற்சி. தோள் விண்விண் என்கிறது.

மார்ச் 31, ஞாயிறு

நாற்பத்தோரு நிமிடம்!

முதலில் அவளுடைய தானியக் கிடங்கைக் கொளுத்தினேன். அவள் அதை அணைக்க ஓடியபோது மொத்தப் படையையும் காட்டு வழியாகக் கொண்டுபோய் நான்கு வாசலையும் மறித்தேன். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அவள் மவுஸைப் படபடவென்று தட்டுவது கேட்டது. அப்புறம் மைக் ஓடுவதை மறந்து புருஷனைப் பார்த்துக் கத்தினாள்: "டேய், சீக்கிரம் வாடா! அம்மா என்னைச் சுத்தி வளைச்சுட்டா! என்னால முடியல!"

மாப்பிள்ளை அவசர அவசரமாக இன்னொரு கம்ப்யூட்டரில் நுழைந்து அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். அதற்கப்புறம்தான் என் கோட்டை விழுந்தது.

ரெண்டு பேர் வேண்டியிருந்தது. ரெண்டு பேர்!