முட்டிக்கால் தண்ணி

வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை வைத்தே என் வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுகிற என் சலீமுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். கேட்க வேண்டியது எங்களைத்தான்.

பத்தாவதில் தமிழ் ஒன்றில் மட்டும் தேறியவன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே. இல்லை, சிரி. என்னைப் பார்த்துச் சிரிக்க இப்போது ஆளே இல்லை. லோடு ஆட்டோவில் அந்தக் கடகட சத்தம் இன்னும் இருக்கிறது. பேரிங் என்று நீ சொன்னாய். பைபாஸில் புதிதாகக் கடை போட்டிருக்கிற மெக்கானிக் கியர்பாக்ஸ் என்கிறார். நான் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. உன் கை பட்ட வண்டி, இப்படியே ஓடட்டும். மலை ஏறும்போது மட்டும் பின்னால் வருகிறவன் திட்டுகிறான்.

உனக்கு ஒரு சேதி. நான் ஜிக் செய்கிறவன் ஆகிவிட்டேன். ஆமாம், நானேதான். தூண்டில் முள்ளில் நரம்பு கட்டக்கூட உன்னிடம் நீட்டினவன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜிக் என்பது ஈயத்தில் வார்த்த ஒரு சின்னத் தலை. அதன் பின்னால் ஒரு தூண்டில் முள், முள்ளைச் சுற்றி ரப்பர் குஞ்சம். புழுவுக்குப் பதிலாக இதை எறிந்து இழுப்பது. வெளிநாட்டில் பாஸ் என்று ஒரு மீனுக்காகச் செய்ததாம். செல்போனில் பார்த்து அதை நம் ஏரி விராலுக்குக் கொண்டுவந்தவன் சலீம். விரால் வெட்டவெளியில் நிற்காது. ஆகாயத்தாமரைக்கு அடியில், முழுகிக் கிடக்கிற வேலிகாத்தான் முள்மரக் கட்டைகளின் இடுக்கில்தான் இருக்கும். அங்கே எறிந்தால்தான் மீன். அங்கே எறிந்தால்தான் ஜிக் மாட்டிக்கொள்ளும்.

நீ சொன்னதெல்லாம் இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது, சலீமு. உருண்டைத் தலை கூடாது. கிளைக் கவட்டையில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது, கல்யாணப் பந்தியில் என்னைப் போல. மூக்கு கூராக இருக்க வேண்டும். நரம்பு கட்டுகிற வளையம் உச்சந்தலையில் நின்றால் செத்தையெல்லாம் அதில் சேரும். மூக்கு நுனியில் வைத்தால் நழுவி நழுவி வந்துவிடும். முள்ளின் முனைக்கு முன்னால் ஒரு கொத்து நாரை வேலி மாதிரி நிறுத்த வேண்டும். நீ கிளட்ச் ஒயரைப் பிரித்து அதன் இழையை வைப்பாய். நான் துணி துவைக்கிற பிரஷ்ஷிலிருந்து பிடுங்குகிறேன். வீட்டில் மூன்று பிரஷ் மொட்டையாகிவிட்டது.

செய்ததைத் தண்ணீர்த் தொட்டியில்தான் சோதிக்கிறேன். வேலிகாத்தான் கிளைகளை வெட்டி உள்ளே அமுக்கிப் போட்டு, ஜிக்கை இறக்கி இழுத்துப் பார்ப்பேன். நூறு தடவை இழுத்து ஒரு தடவை மாட்டினாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. செல்வி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், எங்க வூட்டுக்காரரு தொட்டியில மீன் புடிக்கிறாரு என்று. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைக்கிறேன்.

அந்த நாரில்தான் எல்லாச் சூட்சுமமும். கட்டைவிரலால் அழுத்தினால் வளைய வேண்டும், கிளை உரசினால் வளையக் கூடாது. ரொம்ப விறைப்பாக வைத்தால் எதிலும் மாட்டாது, மீன் வாயிலும் மாட்டாது. நான் விறைப்பாகத்தான் வைக்கிறேன். என் ஜிக்கைப் போட்டு தினேஷ் மூன்று மாதமாக ஒரு மீன் பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளை வெறுங்கையோடு வருவதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுகிற அப்பன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஏன் இந்தப் பாடு என்று உனக்குத் தெரியும். இந்த ஒன்றரை வருஷமாக உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு மாட்டிக்கொண்டது என் ஜிக். சென்னையில் நானே கடையில் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தது. உருண்டைத் தலை, தடுப்பு நார் கிடையாது, கண்ணுக்கு மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு. நீ அதை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை ஆட்டோ கண்ணாடியில் தொங்க விடலாம், ஏரியில் போடாதே என்றாய். அழகாக இருக்கிறதே என்று நான்தான் போட்டேன். மூன்றாவது எறியிலேயே கட்டை பிடித்துக்கொண்டது.

நீ பையிலிருந்து கட்டரை எடுத்து என் கையில் கொடுத்தாய். "அறுத்து வுடு மச்சான். அடியில மண்ணு எடுத்த பள்ளம் எங்க கீதுன்னு யாருக்குத் தெரியும்? வூட்ல புள்ள காத்துக்கினு இருக்கும், கெளம்பலாம்."

நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு எழுத்து விடாமல் இருக்கிறது. "முட்டிக்கால் தண்ணிக்கா பாய் பயம்? வூட்ல பர்வீனுக்குத்தான் நீ பயப்படுறேன்னு பாத்தா, ஏரிக்குமா?"

நீ சிரித்தாய். கோபமாவது பட்டிருக்கலாம். சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டாய், கைலியை மடித்துக் கட்டினாய். "உன் வாய்க்குத்தான் மச்சான் மொதல்ல ஒரு தடுப்பு வெக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாய். தண்ணீர் முட்டிக்கு வந்ததும் திரும்பி, பார்த்தாயா என்பது போலக் கையை விரித்துக் காட்டினாய். அடுத்த அடியில் நீ இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. தூண்டில் ராடை நீட்டினேன். கத்தினேன். ரோட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்து இறங்கித் தேடினார்கள். சலீமுக்கு நன்றாக நீச்சல் தெரியுமே என்று எல்லாரும் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பள்ளத்தில் விழுந்து வேர் காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் என்ன செய்யும்? உன் சட்டை கடைசிவரை என் தோளிலேயே இருந்தது.

எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அவனா எறங்கினான்." எப்போதும் வாய் மூடாதவன் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் வாயடைத்துப்போனேன் என்று எல்லாரும் எனக்காக இரக்கப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு உன் வீட்டில் நடப்பது உனக்குத் தெரியுமா? பர்வீன் உனக்காக அழவில்லை, சலீமு. உன்மேல் கோபமாக இருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் டீ கொடுத்துவிட்டு அதையேதான் கேட்கிறாள். "ஒரு ஈயத்துண்டு பெருசாப் போச்சா அண்ணா அவருக்கு? எறங்கும்போது நானும் புள்ளையும் ஞாபகத்துக்கு வரவே இல்ல பாருங்க." பிள்ளையை நினைத்துத்தான் நீ கட்டரை நீட்டினாய் என்று தெரிந்த ஒரே ஆளான நான் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். இப்படி எத்தனை டீ குடித்திருக்கிறேன் தெரியுமா? செய்யாத தப்புக்கு உன் வீட்டிலேயே நீ திட்டு வாங்குகிறாய். என் பங்கையும் சேர்த்து நீயே வாங்குகிறாய்.

உன் ராடு கண்ணில் படக்கூடாது என்று எடுத்துப்போகச் சொல்லி தினேஷிடம் கொடுத்துவிட்டாள். அவன் உனக்கும் பிள்ளை மாதிரிதானே. கம்பெனி லீவு விட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த ராடோடு கனகம்மாசத்திரம் ரோட்டைப் பிடித்துவிடுவான். வேறு எங்கே, அதே ஏரிக்குத்தான். மாமா உட்காருகிற இடம் என்று அங்கேயே போய் உட்காருகிறான். போகாதே என்றால் ஏன் என்று கேட்பான். அதைச் சொல்லத் துணிவில்லாமல்தான் இந்த ஈயம் காய்ச்சுகிற வேலை. மாட்டாத ஜிக்காகச் செய்து கொடுத்துவிட்டால் அவன் தண்ணீரில் இறங்க வேண்டிய தேவையே வராது அல்லவா? என் படிப்புக்கு எட்டிய யோசனை அவ்வளவுதான்.

போன ஞாயிறு அது மாட்டிக்கொண்டது.

மீனே சிக்கவில்லை என்று என்னிடம் சொல்லாமல் நாரைக் கத்தரிக்கோலால் பாதியாகக் குறைத்திருக்கிறான். வழக்கம்போல ஏதோ சாக்குச் சொல்லி நானும் கூடப் போயிருந்தேன். நீ முழுகின இடத்துக்கு நாலு கை தள்ளி, ஒரு கட்டையில். இப்படியும் அப்படியும் சுண்டிப் பார்த்தான். வரவில்லை. ராடைக் கரையில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

விட்டுவிடு, வேறு செய்து தருகிறேன் என்றேன். அவன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "தொட்டியாண்ட குனிஞ்சு குனிஞ்சு நீ செஞ்சது நைனா. அப்டியே வுட்டுட்டு வரச் சொல்றியா? முட்டிக்கால் தண்ணிதானே."

அதே வார்த்தை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கேலிக்குச் சொன்னதை அவன் என்மேல் இருக்கிற பிரியத்தில் சொல்கிறான். தடுக்க ஒரு வேடிக்கைப் பேச்சைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. அவனுடைய ஒரு கால் தண்ணீரில் இருந்தது.

"சலீம எறங்கச் சொன்னது நான்தான்டா."

அவன் திரும்பிப் பார்த்தான். முழுசும் சொன்னேன். அந்தப் பொட்டு வைத்த ஜிக், நீ கொடுத்த கட்டர், நான் அடித்த கேலி எல்லாம். அவன் காலை மெதுவாக வெளியே எடுத்தான். அன்றைக்கு நீ கொடுத்த கட்டரை நான் ஆட்டோ டேஷ்போர்டிலேயே வைத்திருக்கிறேன், ஒரு நாளும் தொட்டதில்லை. அதை எடுத்து வந்து அறுத்துவிட்டேன். நரம்பு சுருண்டு தண்ணீர்மேல் படுத்தது. இவ்வளவுதான் வேலை, சலீமு. ஒரு நொடி வேலை.

திரும்பும்போது தினேஷ் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அத்தைக்குத் தெரியுமா நைனா?"

தெரியாது என்றேன். திருத்தணி வந்து சேரும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு நாளாக வீட்டிலும் அப்படியேதான்.

நாளைக் காலையில் உன் வீட்டுக்குப் போகிறேன். கட்டரையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இந்தா தங்கச்சி, இதை நீட்டி அறுத்துவிடச் சொன்னவன் உன் புருஷன், வீட்டில் பிள்ளை காத்திருக்கும் என்று சொன்னவனும் அவன்தான், அவனை இறக்கிவிட்டது என் வாய் என்று சொல்லப் போகிறேன். டீ கொடுத்தால் குடிக்க மாட்டேன், சொல்லி முடிக்கிறவரை. அவள் என்னைச் செருப்பால் அடிக்கட்டும், வாசலை மிதிக்காதே என்று சொல்லட்டும். உன்னைத் திட்டுவதை மட்டும் நிறுத்தினால் போதும். உனக்காக ஒரு தடவை அழுதால் போதும்.

போய்ச் சொல்வேனா என்று உனக்குச் சந்தேகம் இருக்கும். எனக்கே இருக்கிறது. அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தை முதலில் பர்வீனிடம்தான் படித்துக் காட்டுவேன். வேண்டாம் என்று அவள் சொன்னால் அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவேன். சரி என்றால்தான் அச்சுக்குக் கொடுப்பேன்.

இது அச்சில் வந்திருந்தால், நான் போய்ச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

இன்னும் அப்படிக் கூப்பிட நீ விடுவாய் என்றால்,
உன் மச்சான்
கோவிந்தன்