மஞ்சள் வாலாட்டி வந்த காலை

கண்ணா,

உன் போன் நம்பர் மாறிவிட்டது போலிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

வடக்கே போகிற பறவைகள் நம் தெருமுனைப் பூங்காவில் இறங்கத் தொடங்கிவிட்டன. அப்பாவால் இந்த வசந்தத்தில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. அவருடைய பைனாகுலரை மாட்டிக்கொண்டு தினமும் காலையில் நான்தான் போகிறேன். பார்த்ததை வந்து சொல்வேன், அவர் பெயர் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். முப்பது வருடம் பஸ் ஓட்டிய கையில் இப்போது பேனா நிற்பதில்லை.

மஞ்சள் வாலாட்டி மட்டும் வராமல் இருந்தது. எனக்கு அடையாளம் தெரிந்தது அது ஒன்றுதான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வந்துடுச்சா?" என்று கேட்பார்.

நேற்று அது குளக்கரையில் நின்றது. மூச்சிரைக்க ஓடிவந்து, "ஏங்க, வந்துடுச்சுங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டானா?" என்றார்.

நான் என்ன செய்வேன்? "கிளம்பிட்டான், வந்துக்கிட்டே இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளாக எதுவும் இறங்காதவருக்கு இரண்டு கரண்டி பால் இறங்கியது.

நீ கிளம்பிப்போன அன்று அவர் உன்னை அப்படிப் பேசியது தப்புதான். நான் வாய் திறக்காமல் நின்றதும் தப்புதான். டாக்டர் சொன்னதை எழுதக் கை வரவில்லை.

அப்பாவோடு வேலை பார்த்தவர் இன்று உன் ஊருக்கு வண்டி எடுக்கிறார். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாலையே திரும்புகிறாராம். அந்த வண்டியிலேயே ஏறிவிடு. நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே.

அம்மா