மணலி புதுநகரில் ஒரு இனிப்பு நெடி

ஜனவரி 7, செவ்வாய்

பொங்கலுக்கு மகிழினி கோயம்புத்தூரிலிருந்து ஓவன் அனுப்பியிருக்கிறாள். பெற்ற மகள் புடவை அனுப்புவாள் என்று பார்த்தால் இரும்புப் பெட்டி. மிக்சியைக் கீழே இறக்கிவிட்டு, புகையை வெளியே தள்ளும் விசிறிக்கு அடியில் வைத்தோம். என் வீட்டுக்காரர் குணசேகரன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல இன்னா பண்ணுவ?" என்றார். தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

யாருக்கும் சொல்வதாக இல்லை. மேல் வீட்டு ஃப்ளோராவுக்குத் தெரிந்தால் கேக் சுடக் கேட்பாள். கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது.

காலை 6.10. அழுகிய முட்டை நாற்றம். கடல் பக்கக் காற்று. அரை மணி நேரம். பதிவேட்டில் 212-ஆவது பதிவு. குடியிருப்போர் சங்கத்தில் என்னை இதற்குத்தான் வைத்திருக்கிறார்கள், நல்ல மூக்கு என்று. இரண்டு வருடமாக எழுதுகிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுக்கப் போனால், எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று காட்டச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நாற்றத்தைக் கையில் பிடித்துக்கொண்டா போக முடியும்?

ஜனவரி 9, வியாழன்

வண்டியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இரண்டு கிலோ. இருநூறு டிகிரி, அரை மணி நேரம். வெளியே கரி, உள்ளே கல். "அவிச்சா பத்து நிமிசம்" என்றார் அவர். குக்கர் எனக்குத் தெரியாதா?

ஜனவரி 11, சனி

பிடிபட்டுவிட்டது. தோல் சீவக் கூடாது. கழுவித் துடைத்து, நாலு குத்து குத்தி, எண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பாகு கசிந்து தட்டில் வழிந்து கருகும். கருகட்டும். அப்போதுதான் உள்ளே அல்வா. பிளந்து வெண்ணெய், மிளகாய்த்தூள், எலுமிச்சை. அவர் மூன்று சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அதுதான் பாராட்டு.

மாலை சங்கத்து வாட்ஸ்அப்பில் ஒரே அமளி. நாலரை மணிக்குப் புது நெடி. வெல்லம் கருகினாற்போல் இனிப்பாக இருந்ததாம். சங்கச் செயலாளர் காஜா மொய்தீன் பாய் உடனே தெருவுக்கு வரச் சொன்னார். போய் நின்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, பதிவு எழுதுகிறவள் பேந்தப் பேந்த விழித்தேன். மானம் போயிற்று. "சாட்சிகள் ஆறு பேர்" என்று எழுதிச் சமாளித்தேன்.

ஜனவரி 14, பொங்கல்

கிழங்கை மசித்துத் தயிரில் போட்டு, கடுகும் வரமிளகாயும் தாளித்தேன். பொங்கல் சமையல் திட்டத்தில் இது இல்லை. ஆனால் பொங்கலை விட இதுதான் முதலில் தீர்ந்தது.

மறுபடி அந்த நெடி. பண்டிகை நாளில்கூட விட மாட்டேன் என்கிறார்கள் ஆலைக்காரப் பாவிகள்.

ஜனவரி 17, வெள்ளி

கருவாட்டுத் தொக்கோடு சுட்ட கிழங்கு. இத்தனை வருடம் எதற்குச் சோறு வடித்தேன்?

மாலை நெடி. எனக்கு மட்டும் இன்றும் தெரியவில்லை. மூக்கு டாக்டரிடம் போக வேண்டும். ஃப்ளோரா ஜன்னலில் ஈரத் துண்டு கட்டியிருக்கிறாள். கீழ் வீட்டுக்காரர் தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டார். தீப்பிடிக்கும் வாயுவாக இருக்கலாம் என்று யாரோ குழுவில் எழுத, ஒரு பிளாக் முழுக்க அடுப்பே பற்ற வைக்கவில்லை. நாங்கள் மட்டும் சூடாகச் சாப்பிட்டோம்.

ஜனவரி 20, திங்கள்

வாரியத்து அதிகாரி வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். இருநூறு அழுகிய முட்டைக்கு வராதவர், பத்து நாளில் பதிவான ஆறு இனிப்புக்கு வருகிறார்!

ஜனவரி 21, செவ்வாய்

இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

கிழங்கை உள்ளே வைத்துவிட்டு எலுமிச்சை வாங்க இறங்கினேன். திரும்பும்போது தெருமுனையில் வந்தது. அதே நெடி. என் மூக்கு திரும்பிவிட்டது என்று அப்படி ஒரு சந்தோஷம். மணி 4.40. விடக் கூடாது என்று அது வந்த வழியே நடந்தேன். எங்கள் பிளாக் அருகே வலுத்தது. முதல் மாடியில் இன்னும். இரண்டாம் மாடியில் ஒரு கதவு இடுக்கில் சரியாகப் பிடித்தேன். கதவு எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

என் கதவு எண்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடிப்பாவி, இது இன்னாடி கூத்து. ஒரு மணி நேரம் அதற்குள்ளேயே நின்றால் மூக்குக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் ஒரு வாசனை வந்தால் யாரும் சமையலறைப் பக்கம் திரும்புவதில்லை. வானத்தைத்தான் பார்ப்போம். நானும் வானத்தைத்தான் பார்த்தேன்.

ஜனவரி 22, புதன்

அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வாய மூடிக்கினு கம்முனு கெட. வெளிய தெரிஞ்சா, இருநூறும் உன் கிழங்குதான்னு தலைல கட்டிப்புடுவான்."

என் பயமும் அதுதான். அந்த இருநூறும் பொய்யில்லை. விடிகாலையில் ஃப்ளோரா மூச்சுக்குத் திணறுவது மேலிருந்து எனக்குக் கேட்கிறது. அதுவும் பொய்யில்லை.

ஓவனை அணைத்து வைத்தேன். நெடி நின்றது. அதிகாரி வருகிறார் என்று பயந்து நிறுத்திவிட்டான் என்று குழுவில் கொண்டாடுகிறார்கள். பாய்க்கு மட்டும் கவலை. வருகிற அன்று நெடி இல்லாவிட்டால் மொத்தக் கோப்பையும் மூடிவிடுவார்களாம்.

ஜனவரி 23, வியாழன்

என் வீட்டுக்காரர் கட்சி மாறிவிட்டார். நாளை இரண்டு கிலோவாகச் சுடச் சொல்கிறார். ஊர் நன்மைக்கு!

ஜனவரி 24, வெள்ளி

மூன்று மணிக்கு அதிகாரி கருவியோடு மொட்டை மாடி ஏறினார். சங்கமே மேலே. நாலு மணி, ஒன்றுமில்லை. அழுகிய முட்டைகூட இன்று லீவு. அவர் பேனாவைத் திறந்து, புகாருக்கு முகாந்திரம் இல்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றார். பாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு மணி நேரம் பொறுங்கள், வரும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வந்தது. மாடியில் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றது சமையலறை வரை கேட்டது. அந்தச் சந்தோஷத்தை ஏமாற்ற மனசு வரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

"சார், நீங்க தேடி வந்தது இதான். சாப்டுங்க. அந்த ஏழும் நானு. மிச்சம் எதுவும் நானில்ல."

ஃப்ளோராதான் முதலில் ஒன்றை எடுத்தாள். "ஓவன் வெச்சிருக்கியாக்கா நீ?" என்றாள். அவளுக்கு அதுதான் குற்றம். அதிகாரி உப்புக் கேட்டு வாங்கி இரண்டு சாப்பிட்டார். பதிவேட்டைக் கையோடு எடுத்துப் போனார். பாய் தொடவில்லை. என்னைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார். அழுதேன்.

ஜனவரி 30, வியாழன்

காலையில் அழுகிய முட்டை. குழுவில் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் மட்டும் புது நோட்டில் எழுதினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

தபாலில் கடிதம். "பதிவேட்டிலுள்ள நேரமும் காற்றின் திசையும் சமையல் நேரத்தோடு ஒத்துப்போவதால், பதிவேடு நம்பத்தக்கதெனக் கொண்டு, இனிப்பு நெடியின் பிறப்பிடம் திருமதி அன்புக்கரசியின் இல்லம் எனக் கண்டறியப்பட்டது. அன்னார் இதன்மூலம் எச்சரிக்கப்படுகிறார்." சீல், கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. இவ்வளவு புகைபோக்கிகளுக்கு நடுவில் எனக்கு எச்சரிக்கை! வீட்டுக்காரர் கிழிக்கப் போனார். பிடுங்கிக்கொண்டு பாய் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் மனைவி சாபிரா கதவைத் திறந்தாள். பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "நம்பத்தக்கதென" என்ற இடத்தில் விரல் நின்றது. இன்னொரு தடவை படித்தார்.

"ரெண்டு வருசமா நாம கேட்டது இத்தத்தானம்மா," என்றார். "நம்ம நோட்டு கரெக்டுன்னு சீல் அடிச்சுக் குட்த்துட்டான்."

அங்கேயே புது மனு எழுதினோம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அதே பதிவேட்டை வைத்து மற்ற இருநூற்றுச் சொச்சத்துக்கும் பிறப்பிடம் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று. சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. பெயருக்குக் கீழே சங்கத்தின் பதிவாளர் என்று எழுதப் போனேன். பாய் தடுத்தார். இதுவரை பிடிபட்ட ஒரே ஆள் என்று போடச் சொன்னார்.

போட்டேன்.