ஸ்டீக்லிட்ஸ் பற்றி நான் அடித்த வரி

பாவுட்சன் அருகில்,
25 ஜனவரி 1938

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய தம்பி ஹன்ட்ரிக்கு, அக்காள் மத்லேனா நலம் விழைந்து வரைவது.

இம்மடலைத் தபாலில் சேர்க்காமல், நீ இருக்கும் ரைன் பக்கம் வேலைக்குச் செல்லும் பெனோவிடம் கொடுத்தனுப்புகிறேன். நம்மவர் மடல்களைத் தபாலில் பிரித்துப் பார்ப்பதை நீ அறிவாய். படித்தபின் அடுப்பில் இடுக.

இன்று பறவைகளின் திருமண நாள். பறவைகள் தம் விருந்து இனிப்பை விட்டுச்சென்றனவா என்று, ஜன்னலில் வைத்த தட்டுகளைப் பார்க்கப் பிள்ளைகள் விடியுமுன்னே ஓடினார்கள். நானும் மாவுப் பறவைகள் சுட்டேன், பாதி கருகிப்போயின. மூன்று நாளாக எதிலும் கை நிலைப்பதில்லை. அம்மாவின் இருமல் தணிந்திருக்கிறது. ஈஸ்டர் ஊர்வலத்தில் நீ ஏறவேண்டிய குதிரைக்கு இப்போதே சேணம் துடைக்கச் சொல்கிறார்.

உழவர் நாட்காட்டிக்கு நான் எழுதிய பறவைக் கட்டுரையை நீ அறிவாய். சிவந்த முகமும் மஞ்சள் சிறகும் கொண்ட ஸ்டீக்லிட்ஸ் குருவியின் பெயர் ஜெர்மானியச் சொல் அன்று. அதன் கூவலைக் கேட்டு ஸ்லாவியர் இட்ட பெயர். ஸ்லாவிய மொழிகளுள் ஒன்றான நம் ஸோர்பியத்தில் இன்றும் பெண்பாலாக வாழும் அச்சொல்லை, ஜெர்மானியர் ஈற்றை நறுக்கி ஆண்பாலாக்கிக்கொண்டனர் என்று அதில் நிறுவியிருந்தேன். கல்லூரி வாசலை மிதியாத நான், எட்டு அகராதிகளை ஒப்பிட்டுக் கண்ட உண்மை அது.

சனிக்கிழமை அச்சக உரிமையாளர் ரோத்தே அச்சுப்படியுடன் வந்தார்.

"குருவிக்கு எதுக்கும்மா பூர்வீகம்? முள்குருவின்னு நல்ல ஜெர்மன்ல எழுதிட்டுப் போங்க. உங்க தம்பியும் ஊர் வந்து சேருவாரு" என்றார்.

வகுப்பில் நம் மொழி பேசியதற்காக ஆசிரியனான உன்னைத் தொலைவுக்கு மாற்றிய ஆணையை, பெயர் ஸ்லாவியருடையது என்னும் அவ்வரி நீங்கினால் பள்ளி ஆய்வாளர் மறுபடி பார்ப்பாராம்.

"அப்போ அது கத்துறதையும் அடிச்சிடுங்க ஐயா. அது எங்க சொல்லைத்தான் கத்துது" என்றேன்.

"கத்தட்டும்மா. பேப்பர்ல கத்தாம இருந்தா போதும்" என்று சிரித்தார்.

இப்படியொரு பேச்சு அடிபடுவதாகச் சென்ற மாதம் நான் எழுதியபோதே, உன் பொருட்டு ஓர் எழுத்தையும் அடிக்கலாகாது என்று எச்சரித்திருந்தாய். அம்மடலை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் நேற்று அச்சகத்திற்கு நடந்தேன். வழியில் இருமுறை திரும்பினேன். மூன்றாம் முறை உள்ளே சென்று, அவர் நீட்டிய பேனாவை மறுத்து, என் பேனாவாலேயே அவ்வரியை அடித்துக் கையொப்பமிட்டேன்.

ஆய்வாளர் எதையும் எழுத்தில் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பெனோ வாசலில் காத்திருக்கிறார். கருகாத பறவை ஒன்றை உனக்காகத் துணியில் சுற்றியிருக்கிறேன்.

உன் சினத்தை மடலில் அனுப்பாதே, தம்பி. நேரில் வா. வயல் நடுவே என்னை நிறுத்தி, நம் மொழியிலேயே திட்டு. அந்நாள் வரை இறைவன் உன்னைக் காப்பாராக.

உன் அக்காள்,
மத்லேனா