நான் அடித்த ஆறாவது மணி

சாம்பியன் ரீப்ஸ் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் கால்மாட்டில் உறங்குகிற என் அருமைத் தம்பி சாமுவேலுக்கு,

உன் சிநேகிதன் ரூபனுக்கு நான் சாவுமணி அடித்துவிட்டேன், தம்பி. அவன் உயிரோடுதான் இருக்கிறான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் கோயில் வாசலுக்கு வரப்போகிறான். அதற்குள் நடந்ததையெல்லாம் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இதைச் சபை இதழில் போட ஆயர் மறுத்துவிட்டார். "டீச்சரம்மா, இதுல மன்னிப்புன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றார். "இல்லைதான் ஐயா, எழுதும்போதே பார்த்தேன்" என்றேன். ஆகவே அந்த ஞாயிறு கழிந்தபின் ஊர்ச் சங்கத்து மலரில் வருகிறது. படிக்கிறவர்களில் நம் தங்கச் சுரங்கம் மூடியபின் பிறந்தவர்களும் உண்டு. அவர்களுக்காக நீ அறிந்ததையே மறுபடி சொன்னால் பொறுத்துக்கொள்.

சுரங்கத்தின் அடியில், லெவல் என்கிற தளத்தில் ஒருவன் கம்பியை இழுத்தால் மேலே மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்டுத்தான் எஞ்சின் டிரைவர் ஆளேற்றும் கூண்டான கேஜை இழுப்பார், இறக்குவார். ஐந்து அடி விழுந்தால் அடிபட்டவனை ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஐந்தோடு நின்றால் உயிர் இருக்கிறது. சற்றுப் பொறுத்து ஆறாவதாக ஒன்று விழுந்தால் வருவது பிணம். அந்தச் சற்றுநேரத்தைச் சுரங்க வேலியோரம் நின்று கடந்த பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஐந்தாவது விழுந்ததும் அடுப்பை அப்படியே விட்டு ஓடிவருவார்கள். மூச்சை இழுத்தவர்கள் விடமாட்டார்கள்.

பாறை வெடித்து அப்பா அகப்பட்ட அன்று, அந்த லெவலில் மணிக்கம்பி உன் கையில் இருந்தது. உனக்கு வயது இருபது. அப்பாவை நீயே கேஜில் கிடத்தி, நீயே ஐந்து அடித்தாய். வேலியோரம் அம்மாவும் நானும் நின்றோம். ஆறாவது விழவில்லை. வெகுநேரம் விழவில்லை. "இன்னும் விழல ஞானம், இன்னும் விழல" என்று அம்மா என் முழங்கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு விழுந்தது. அன்று எஞ்சின் ஓட்டிய முனுசாமி அண்ணன் பின்னால் சொன்னார்: "அந்தக் கை தயங்குச்சுமா. அடிக்கிறவன் யாருன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அந்தத் தயக்கத்தைத்தான் நீ டிரம்மில் வாசித்தாய். ஐந்து அடி, ஒரு நீண்ட மௌனம், பிறகு ஒரே ஓர் அடி. கிளப் கூடத்தில் நீயும் ரூபனும் மற்ற இருவரும் வாசித்துப் பழகுவீர்கள். சுரங்கக் குழியான ஷாஃப்டின் தலையில் நிற்கும் இரும்புக் கோபுரத்தின் பெயரையே குழுவுக்கு வைத்தீர்கள், 'ஹெட்கியர்' என்று. அந்தக் காதடைக்கும் ராக் சங்கீதம் எனக்குப் பிடித்ததில்லை. ஆனால் அந்த ஆறு அடியை முதன்முறை கேட்ட அன்று நான் கூடத்துக்கு வெளியே நின்று அழுதேன். ரூபன் அதற்கு இங்கிலீஷில் பாட்டு எழுதினான், காதலி வீட்டுக் கதவைத் தட்டுவதாக. சொற்கள் அவனுடையவை, மறுக்கவில்லை. அடி உன்னுடையது. அடிக்குள் இருந்தது அப்பா.

ரூபனும் மற்ற இருவரும் பம்பாய்க்குப் போனார்கள். வீட்டில் ஒருவராவது சுரங்கத்தில் வேலை செய்தால்தான் குவார்ட்டர்ஸ் நமக்கு நிற்கும். அம்மாவையும் என்னையும் நினைத்து நீ நின்றுவிட்டாய். "உன் பேரு இல்லாம இந்தப் பாட்டு வெளிய வராதுடா மச்சான்" என்று ரூபன் நம் வீட்டுச் சோற்றுத்தட்டின்மேல் கைவைத்துச் சொன்னான். கேசட் வந்தது. அட்டையில் 'இசை: ரூபன்' என்று இருந்தது. நீ சிரித்தாய். "பேரு இன்னாக்கா பேரு? அடி என்னுதுதானே" என்றாய்.

எனக்கு அது ஆறவில்லை. ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரைப் பொறித்து, மயிற்பீலி சூட்டி வணங்கிய நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். வடஆர்க்காட்டு வயல்வெளிகளில் அந்தக் கற்கள் இன்றும் நிற்கின்றன. பெயர் ஒன்றுமில்லை என்று நம் முன்னோர் யாரும் சொன்னதில்லை.

உன் கடைசி நாட்கள் நினைவிருக்கிறதா? சுரங்கத் தூசி நுரையீரலைத் தின்று, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாய். உன் மகள் ஷீலா கைப்பேசியில் ரூபனின் பேட்டி ஒன்றைக் காட்டினாள். "அந்தத் தாளம் எப்படிப் பிறந்தது?" என்று கேட்கிறார்கள். ஊட்டியில் ஒரு பெண் வீட்டுக் கதவை ஐந்து முறை தட்டினானாம், திறக்கவில்லையாம், ஆறாவது முறை தட்டியதும் திறந்ததாம். கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். நீயும் சிரித்தாய். பிறகு கட்டில் கம்பியில் விரல் முட்டியால் ஐந்து தட்டினாய். நான் ஆறாவதுக்குக் காத்திருந்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதன்பின் நீ எதிலும் தாளம் தட்டி நான் பார்க்கவில்லை.

அன்று இரவு ஜெபத்தில் நான் என்ன கேட்டேன் என்று இப்போது சொல்கிறேன். பழியை ஆண்டவர் கையில் விட்டுவிடச் சொல்லிப் பெண்கள் கூட்டத்தில் எத்தனையோ முறை பேசியவள் நான். ஆனால் பகைவனைச் சபிக்கும் ஜெபங்களும் வேதத்தில்தான் இருக்கின்றன. அவை வரும் ஞாயிறுகளில் ஆயர்கள் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள். நான் தாண்டுவதில்லை. ஆண்டவரே, அவனை என் கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தும் என்று கேட்டேன்.

கொண்டுவந்து நிறுத்தினார். இந்த ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய தபசு நாட்களில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஹெட்கியர் குழு ஊர் ஊராகப் போகும் கடைசிப் பயணமாம், பெரிய பெரிய உள்ளரங்குகளில். பெங்களூர்க் கச்சேரியில் ரூபனின் பிறந்த மண்ணைக் காட்ட வேண்டுமாம். பழைய சுரங்கத் தொழிலாளிகள் சிலர் தலையில் ஹெல்மெட்டோடு மேடையில் நிற்க வேண்டும். "அப்புறம் ஆன்ட்டி, உங்க சர்ச் வாசல்ல இருக்கே, ஷாஃப்ட் மணி, அதுவும் வேணும். சூப்பரா இருக்கும்" என்றாள். சுரங்கம் மூடியபின் நம் கோயிலுக்கு வந்துசேர்ந்த மணியைத்தான் கேட்டாள். உடனே ரூபனைக் கைப்பேசியில் பிடித்துக் கொடுத்தாள்.

"ஞானம் அக்கா! எப்படி இருக்கீங்க? சாமு போனது தெரியும்க்கா. வரமுடியாம போச்சு. பெரியவங்க நீங்க, கூட வந்து ஆசீர்வாதம் பண்ணணும்."

"வர்றேன் ரூபன். கோயில் மணி வெளியே போனால் சபை மூப்பர் ஒருவர் கூடப் போகணும் என்பது சட்டம். மூப்பர் நான்தானே, நானே வர்றேன்."

பதினான்கு பேரைத் திரட்டினேன். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பஸ் ஏறினோம். அவர்களில் ஜோசப்பின் ஹெல்மெட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்களாம். அதைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்திருந்தான். பங்காருபேட்டை தாண்டியதும் எழுந்து நின்று, என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னேன். முனுசாமி அண்ணன்தான் கேட்டார்:

"உசுரோட இருக்கிறவனுக்கு அடிக்கலாமா டீச்சரம்மா? பாவமில்லையா?"

"பாவம்தான் அண்ணே. என் கணக்கில் போகட்டும்."

"உங்க அப்பாவ மேல இழுத்தவன் நான். ஊட்டியில கதவத் தட்டினானாமா அவன்? நடத்துங்க" என்றார்.

பெங்களூர் அரங்கத்தில் ஒப்பனைக்காரப் பெண் எல்லோர் கன்னத்திலும் கரி பூச வந்தாள். முனுசாமி அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, தங்கச் சுரங்கத்துல கரி ஏதும்மா? அது வேற ஊரு. எங்களுது சாம்பல் கலர் சேறு." "லைட்ல தெரியாது அங்கிள், ப்ளீஸ்" என்று பூசிவிட்டாள். அதுவரை எனக்குள் சிறிது இரக்கம் மிஞ்சியிருந்தது. அந்தக் கரியோடு அதுவும் போயிற்று.

அரங்கம் நிறைந்திருந்தது. கறுப்புச் சட்டை போட்ட நரைத்தலைகள், அவர்களுடைய பிள்ளைகள். காதில் பஞ்சு வைத்திருந்தும் ஒலி மார்பெலும்பில் வந்து இடித்தது. ரூபனுக்குத் தலைமயிர் மை போட்ட கறுப்பு. தோல் சட்டை. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது, தம்பி. பகைவனானாலும் உள்ளதைச் சொல்லவேண்டும்.

கடைசிப் பாட்டுக்கு எங்களை மேடையேற்றினார்கள். மணியைச் சட்டத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு மைக்கும் வைத்திருந்தார்கள். கயிறு என் கையில். புது டிரம்காரன் ஐந்து அடித்தான். ரூபன் காதருகில் கையைக் குவித்தான். உன் மௌனத்துக்குள், அப்பா மேலே வந்துகொண்டிருக்கும் அந்த மௌனத்துக்குள், கூட்டம் முழுவதும் "ரூபன்! ரூபன்!" என்று கத்தியது.

டிரம்காரன் கை ஓங்குவதற்குமுன் நான் கயிற்றை இழுத்தேன்.

ஒரே அடி. மைக் வழியே அது கூரைவரை போயிற்று. பதினான்கு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். ரூபன் பக்கம் திரும்பினார்கள். அவன் காலடியில் வரிசையாக அவற்றை வைத்துவிட்டு, பிணம் கேஜைவிட்டு இறங்கும்போது நிற்பார்களே, அப்படித் தலைகுனிந்து நின்றார்கள்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். எங்களைத் தவிர, அத்தனை ஆயிரம் பேரில் அந்த மணியின் பொருள் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் ஹெல்மெட்டுகளைப் பார்த்தான். முனுசாமி அண்ணனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கிட்டார்க்காரன் ஒரு சுற்று வாசித்தான், இன்னொரு சுற்று வாசித்தான். ரூபன் வாய் திறக்கவில்லை. பாட்டைக் கூட்டமே பாடி முடித்தது.

மேடைக்குப் பின்னால் வந்தான். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா... அது யாருக்கு அடிச்சீங்க?"

"சாம்பியன் ரீப்ஸில் பிறந்தவனுக்கு அதையும் சொல்லணுமா?"

"நான் உசுரோட இருக்கேன்க்கா!"

"மணிக்கு அது தெரியாதே, ரூபன்."

"அதத் திருப்பிடுங்கக்கா. உங்க கால்ல வுழறேன். எனக்கு அடுத்த மாசம் நெஞ்சுல ஆபரேஷன் இருக்குது. யாருக்கும் சொல்லல."

எனக்கு அது தெரியாது, தம்பி. தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டேனா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடித்திருப்பேன் என்றுதான் பதில் வருகிறது.

தவறி விழுந்த ஆறாவது மணியைத் திருப்ப நம் ஊரில் ஒரு வழிதான் உண்டு. அடித்த அதே கை மறுபடி ஐந்து அடித்து, ஆறாவதை அடிக்காமல் விடவேண்டும். யாருக்காக விழுந்ததோ அவன் வெளியே நின்று கேட்கவேண்டும். ரூபனுக்கும் அது தெரியும். "மீதமுள்ள ஊர்களில் அந்தப் பாட்டுக்குமுன் என் தம்பியின் பெயரைச் சொல். அந்த அடி யாருக்காக விழுந்தது என்பதையும் சொல். எல்லா ஊரும் முடிந்தபின் கோயில் வாசலுக்குத் தனியாக வா" என்றேன்.

புனேயில், "சாம்னு எனக்கு ஒரு ஃப்ரெண்டு" என்று சொன்னானாம். பெயரைக் குறைக்காதே என்று ஷீலாவிடம் சொல்லியனுப்பினேன். கவுகாத்தியில் முழுதாகச் சொன்னான்: அருளப்பன் மகன் சாமுவேல், சாம்பியன் ரீப்ஸ், இந்த இசை அவனுடையது, அவன் அப்பாவுக்காக அடித்தது, நான் நாற்பது வருஷம் பொய் சொன்னேன். ஷீலா அதைக் கைப்பேசியில் காட்டினாள். மௌனம் வந்தபோது யாரும் கத்தவில்லை. அத்தனை பேரும் வேலியோரம் நின்றதுபோல் நின்றார்கள். ஷீலா தேம்பித் தேம்பி அழுதாள். "போதும் அத்தை, வுட்டுடுங்க" என்றாள்.

மனம் குளிர்ந்ததா என்று கேட்பாய். குளிர்ந்தது. இளகவில்லை. தினமும் காலையில் அவன் கூப்பிடுகிறான். "அக்கா, இன்னும் அடிக்கலையே?" என்கிறான். "இன்னும் ஊர் இருக்கே, ரூபன்" என்பேன். நேற்றோடு ஊர்கள் முடிந்தன. நீ இருந்திருந்தால் என் கையைப் பிடித்துக் கயிற்றிலிருந்து விடுவித்திருப்பாய், எனக்குத் தெரியும். அந்த நல்ல மனத்தால்தான் நீ பெயரில்லாமல் போனாய்.

ஆகையால் உனக்கு ஒரு வாக்கு. ஞாயிறன்று அவன் வாசலுக்கு வெளியே நிற்பான். நான் ஐந்து அடிப்பேன். ஆறாவதை அடிப்பதில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். கயிற்றை எப்போது விடுவேன் என்று சொல்லவில்லை. அன்று நீ தயங்கிய நேரம் எவ்வளவென்று அம்மாவின் விரல்கள் என் முழங்கையில் பதித்துவிட்டுப் போயிருக்கின்றன. அவ்வளவு நேரமும் கயிறு என் கையில் இறுகியே இருக்கும். ஒரு மூச்சும் குறையாது. நான் சொன்ன சொல் தவறாதவள் என்பது உனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும்.

ரூபனுக்கு அது தெரியவேண்டாம்.

உனக்குப் பதிலாகக் கயிறு பிடித்து நிற்கிற,
உன் உடன்பிறந்த அக்கா ஞானம்